ஊர் சுற்றும் படப் புத்தகங்கள்: வாசித்துக் காட்டும்போது எங்கே தவறுகிறோம்?

பாரிஸ் பக்கத்தைத் திறந்ததும் நம் விரல் நேராக ஈபிள் கோபுரத்துக்குப் போகிறது. "இது என்ன, சொல்லு பார்ப்போம்?" குழந்தையின் விரலோ கீழ் மூலையில், பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும் நாயின் மேல் இருக்கிறது. "அது இருக்கட்டும், இங்க பாரு" என்று அந்த விரலைப் பிடித்து மேலே இழுக்கிறோம். நகரங்களைப் பற்றிய படப் புத்தகங்களை வாசித்துக் காட்டும்போது நடக்கிற பெரிய தவறு இதுதான். ஊர் சுற்றிப் பார்க்க வாங்கிய புத்தகம் பொது அறிவுத் தேர்வாக மாறிவிடுகிறது.

குழந்தைக்குக் கவனம் சிதறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் நின்று பார்த்தால் ஊர் அப்படித்தான் தெரியும்: நாய், பலூன், யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை. நாய் யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதன் கயிற்றைப் பிடித்திருப்பவர், அவர் அண்ணாந்து பார்க்கும் திசை, அங்கே நிற்கும் கோபுரம் என்று குழந்தையே வந்து சேரும். பெயரை அப்போது சொன்னால் போதும்.

நல்ல ஓவியர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. லுட்விக் பெமல்மன்ஸின் 'மேடலின்' என்ற படப் புத்தகம் 1939-ல் வந்தது. படங்களில் ஈபிள் கோபுரமும் நோத்ர தாம் தேவாலயமும் வருகின்றன. கதை வரிகளோ அவற்றின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. பன்னிரண்டு சிறுமிகள் இரண்டு வரிசையாக நடந்து போகிறார்கள், பாரிஸ் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது. ராபர்ட் மெக்லாஸ்கி 1941-ல் வெளியிட்ட வாத்துக் குடும்பக் கதையில், குஞ்சுகளை வளர்க்க இடம் தேடும் தாயும் தந்தையும் பாஸ்டன் நகரத்தைச் சுற்றிக் காட்டுகின்றன. குஞ்சுகள் சாலையைக் கடக்க ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்துகிறார். 1987-ல் அந்த வாத்துகளுக்கு அங்குள்ள பூங்காவில் வெண்கலச் சிலைகளே வைத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு வேலையாகப் போகும்போது, அவர் கூடவே நடந்துதான் குழந்தை ஊரைத் தெரிந்துகொள்கிறது.

அதனால்தான், நிறைய நகரங்கள் இருக்கின்றன என்பதற்காக ஒரு புத்தகத்தை எடுப்பதும் தவறு என்பேன். படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம். அதற்குள் உலகத்தையே அடைத்தால் ஓர் ஊருக்குக் கிடைப்பது ஒரு சின்னம், ஓர் உடை, ஒரு பலகாரம். அந்த ஊர்க்காரர்கள் தினமும் அந்தத் திருவிழா உடையில்தான் திரிவார்கள் என்று குழந்தை நம்பிவிடும். வாங்கும் முன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். குப்பை வண்டி, பஸ்ஸுக்கு நிற்கிறவர், மாடியில் காயும் துணி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், இவற்றில் ஏதாவது இருக்கிறதா? சின்னங்களுக்கு முன்னால் ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்க மட்டும் செய்தால், அதை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

எழுத்தே இல்லாத புத்தகத்தைப் பார்த்து "இதுக்கு ஏன் காசு?" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. ஜெர்மானிய ஓவியர் அலி மிட்குட்ஷ் 1968-ல் தன் முதல் நகரப் புத்தகத்தை அப்படித்தான் செய்தார்: பெரிய பக்கங்கள், நிறைய மனிதர்கள், கதை வரி கிடையாது. இந்த வகைப் புத்தகத்தை ஒரே நாளில் புரட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். இன்றைக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வருகிறார், ஏன் ஓடுகிறார் என்று குழந்தை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

அப்புறம், பழைய புத்தகங்கள். செக் ஓவியர் மிரோஸ்லாவ் ஷாஷெக்கின் பாரிஸ், லண்டன் புத்தகங்கள் 1959-ல் வந்தவை. பல ஆண்டுகள் கழித்து மறுபதிப்பு வந்தபோது ஓவியங்களைத் தொடாமல், மாறிப்போன விவரங்களைக் கடைசியில் தனியாகக் கொடுத்தார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தாண்டிவிட்டால் பழைய செய்தியை இன்றைய செய்தியாகச் சொல்லிவிடுவோம். பழசு என்று தூக்கிப் போடுவது அதைவிட நஷ்டம். ஊர் மாறும் என்பதைக் குழந்தைக்கு இவ்வளவு சுலபமாகக் காட்ட வேறு எது இருக்கிறது?

அட்டையின் உள்பக்கத்தில் வரைபடம் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். மேலிருந்து பார்க்கும் படம் சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடாது. கதையில் வந்த வழியில் இரண்டு விரலால் நடந்து காட்டுங்கள், சரியாகிவிடும்.

நிஜமாகவே அந்த ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மறந்துவிடுகிறோம். திரும்பி வந்த பிறகுதான் அது நன்றாகத் திறக்கும். "இங்கதான் நாம மழையில நின்னோம்" என்று குழந்தை ஒரு பாலத்தைக் காட்டும். படத்தில் வெயிலடிக்கும். "மழையே இல்லையே" என்று திருத்தாதீர்கள். ஒரு சின்னத் தாளில் அந்த மழையை வரையச் சொல்லி, பாலத்தின் மேல் ஒட்டிக்கொள்ள விடுங்கள்.