அழிந்துவரும் விலங்கு பற்றி ஆங்கில வகுப்புக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில வகுப்பில் "அழிந்துபோன அல்லது அழிந்துவரும் ஒரு விலங்கைப் பற்றித் தேடி எழுதிக்கொண்டு வா" என்று சொன்னால், பாளையங்கோட்டையிலிருந்து களக்காடு வரைக்கும் பாதி நோட்டுகளில் டோடோவும் மீதியில் பாண்டாவும்தான் வந்து நிற்கும். டோடோமேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் மொரீஷியஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன பறவையைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளை புதிதாகத் தேட என்ன இருக்கிறது? கூகுளில் முதலில் வருவதைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கும். நமக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. சிங்கவால் குரங்கு, வரையாடு, செந்நாய், புலி, யானை என்று அங்கே வாழும் இந்த ஐந்துமே உலக அளவில் 'எண்டேஞ்சர்டு', அதாவது அழியும் ஆபத்தான நிலையில் உள்ளவை. களக்காடு சரணாலயம் 1976-ல் அமைந்ததே முக்கியமாகச் சிங்கவால் குரங்குக்காகத்தான். பிறகு 1988-ல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது.

சரி, உள்ளூர் விலங்கையே எடுத்தாயிற்று. அடுத்த சறுக்கல் இங்கேதான். சரணாலயம் இருக்கிறது, வேட்டையாடினால் சிறை, எனவே அது அழிந்துவரும் விலங்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது அல்லவா? வெளிமான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அது 'லீஸ்ட் கன்சர்ன்', அதாவது இப்போதைக்குக் கவலை குறைந்த நிலை. வயலில் இறங்கி நெல்லைக் கொத்தும் மயிலுக்கும் இதே கதைதான். சட்டம் சொல்வது அந்த விலங்குக்கு நம் நாட்டில் எவ்வளவு பாதுகாப்பு என்பதை. சிவப்புப் பட்டியல் சொல்வது உலகத்தில் அந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கட்டுரையின் முதல் வாக்கியமே தப்பாகிவிடும்.

அந்தப் பட்டியலிலும் படிகள் உண்டு. லீஸ்ட் கன்சர்ன், நியர் த்ரெட்டண்டு (ஆபத்தை நெருங்கும் நிலை), வல்னரபிள் (ஆபத்துக்கு ஆளாகக்கூடிய நிலை), எண்டேஞ்சர்டு, கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்டு (மிக ஆபத்தான நிலை) என்று ஆபத்து ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் 'எண்டேஞ்சர்டு' என்றே எழுதக்கூடாது. மிளா என்ற மான் 'வல்னரபிள்'தான். விலங்குகள் படி மாறவும் செய்யும். பாண்டா 2016-லேயே எண்டேஞ்சர்டிலிருந்து வல்னரபிளுக்கு இறங்கிவிட்டது. இன்னும் பழைய பாடத்தையே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆகவே நிலையை எழுதும்போது எந்த ஆண்டு மதிப்பீடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

'அழிந்துவிட்டது' என்று எழுதும்போது எங்கே என்று சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. சிவிங்கிப்புலி இந்தியாவில் அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவில் அது இருந்துகொண்டேதான் இருந்தது. ஈரானிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 2022-ல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். 'சீட்டா இஸ் எக்ஸ்டிங்க்ட்' என்று ஒரே வரியில் முடித்தால் இதெல்லாம் காணாமல் போய்விடும்.

காரணம் எழுதும் இடம்தான் எனக்கு அதிகம் சலிப்பூட்டுவது. எந்த விலங்கானாலும் 'காடு அழிப்பு, வேட்டை, மாசு' என்ற மூன்று சொற்கள்; விலங்கின் பெயரை மாற்றினாலும் பத்தி மாறாது. பாறு கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வலி நீக்க டைக்லோஃபெனாக் என்ற மருந்து போடுகிறார்கள். அந்த மாடு செத்ததும் கழுகு தின்கிறது. மருந்து கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, யூரிக் அமிலம் உடம்புக்குள் படிகிறது, சில நாளில் கழுகு சாகிறது. ஒரே பிணத்தைக் கூட்டமாகத் தின்னும் பறவை என்பதால் ஒரு மாடே பல கழுகுகளைக் கொன்றுவிடும். வெண்முதுகுப் பாறு கழுகு இந்தியாவில் 1990-களிலிருந்து 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது இப்படித்தான். கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க 2006-ல் தடை வந்தது. இதில் காட்டை யாரும் வெட்டவில்லை, துப்பாக்கியும் எடுக்கவில்லை. சிங்கவால் குரங்குக்கு வேறு காரணம். மரத்திலேயே வாழ்ந்து வெடிப்பலா போன்றவற்றைத் தின்னும் குரங்கு அது. தேயிலைக்காகவும் அணைக்காகவும் சோலை துண்டு துண்டானபோது கூட்டங்களும் தனித்தனியாக மாட்டிக்கொண்டன. ஒவ்வொரு விலங்குக்கும் இப்படி அதற்கே உரிய காரணத்தைத் தேடுவதுதான் இந்த வீட்டுப்பாடத்தில் உருப்படியான வேலை.

ஊரில் வயதானவர்களிடம் கழுகு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பது நல்ல யோசனை. ஆச்சி சொன்னதை ஆச்சி சொன்னதாகவே எழுத வேண்டும். 'முன்பு ஊர் எல்லையில் கூட்டமாக இருக்கும்' என்பதை எண்ணிக்கைக்குச் சான்றாக வைக்க முடியாது.

எண்களிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் வரையாடு 2024 கணக்கெடுப்பில் 1031, அடுத்த ஆண்டு 1303. இது மாநில எண்ணிக்கை மட்டும். கேரளத்திலும் வரையாடு உண்டு. ஒரே ஆண்டில் இத்தனையும் குட்டி போட்டுப் பெருகிவிட்டதாகவும் எழுத வேண்டாம், கணக்கெடுத்த இடங்களும் கூடியிருக்கின்றன.

படம்: சிங்கவால் குரங்கு என்று எழுதிவிட்டுக் கருமந்தி என்ற வேறு குரங்கின் படத்தை ஒட்டுவது வழக்கமாக நடக்கிறது. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம் இருந்தால்தான் சிங்கவால். சந்தேகமிருந்தால் 'மகாகா சைலினஸ்' (Macaca silenus) என்ற அறிவியல் பெயரைப் போட்டுத் தேடினால் சரியான படம் வரும்.

கடைசியாக ஆங்கிலம். படித்த பக்கத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அந்த வாக்கியமே கையில் வரும், ஆசிரியர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அழிந்த விலங்குக்கு இறந்த காலம், இருக்கும் விலங்குக்கு நிகழ்காலம். ஒரே பத்தியில் டோடோ 'லிவ்டு', 'ஈட்ஸ்' என்று கலக்கக்கூடாது. வாயில் நுழையாத சொல்லைப் போட்டால், வகுப்பில் எழுப்பிவிட்டுப் பொருள் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு போடுங்கள்.