அறுபது பேர் குழுவுக்குள் ஐந்து பேர் குழு: பிரிப்பது எப்படி, மூடுவது எப்படி?

இரவு ஒன்பதரைக்குப் போனைத் திறந்தால் எங்கள் தன்னார்வக் குழுவில் 140 செய்திகள். பாதி ‘இனிய இரவு’ படங்கள். அவற்றுக்கு நடுவே, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மத்தியானம் கேட்ட கேள்வி கிடந்தது: “அக்கா, நான் இப்ப என்ன செய்யணும்?” பதில் சொல்ல 60 பேர் இருந்தோம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று 60 பேரும் நினைத்துவிட்டோம். மறுநாள் அந்தப் பிள்ளை குழுவை விட்டே போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் குழுவைச் சின்னச் சின்னதாகப் பிரித்தோம். இரண்டு தடவை தப்பாகப் பிரித்து, மூன்றாம் தடவைதான் சரிவந்தது. இணையத்தில் தன்னார்வ வேலையை இப்போதுதான் ஒருங்கிணைக்கத் தொடங்கியவர்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் தொடங்கிய திறந்த வரைபடம். விக்கிப்பீடியா போல, கணக்குத் தொடங்கிய எவரும் அதைத் திருத்தலாம். அதில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), குறுக்குப் பாதைகள், கொழுந்து மடுவங்கள் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைகள்), கோயில்களைக் குறிக்கிறோம். தோட்டத்தில் பெரும்பாலான லயங்களுக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். ராத்திரியில் 1990 என்ற எண்ணுக்கு அடித்து அம்பியுலன்சைக் கூப்பிட்டால் ஒருவர் டோர்ச் லைட்டோடு மெயின் ரோட்டுக்கு இறங்கி நிற்க வேண்டும். அந்த லயம் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. உங்கள் குழு பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்வதாக இருக்கலாம், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

படி 1: பிரிக்கத்தான் வேண்டுமா?

பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்றால் வேண்டாம், ஒரே குழுவாக இருங்கள். ஒரே கேள்வி வாரத்துக்கு மூன்று தடவை வருகிறது, ஒரே லயத்தை இரண்டு பேர் வரைந்துவிடுகிறார்கள், எப்போதும் அதே ஏழெட்டுப் பேர்தான் பேசுகிறார்கள் என்றால் நேரம் வந்துவிட்டது. ஐந்து பேருக்குள் 10 சோடிகள்தான் இருக்கும். 60 பேருக்குள் 1,770 சோடிகள். அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு வேலை செய்வது நடக்காத காரியம்.

படி 2: வேலையைத் துண்டாக்குங்கள்

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். முதல் தடவை ஊர்வாரியாகப் பிரித்தோம்: ஹட்டன் குழு, நுவரெலியாக் குழு, பதுளைக் குழு, மாத்தளைக் குழு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மடிக்கணினி வைத்திருந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஹட்டன் குழுவில் போய் விழுந்தார்கள். பதுளைக் குழுவில் எல்லாரிடமும் போன் மட்டும். சின்னத் திரையில் லயத்துக் கூரையின் மூலையைப் பிடித்துக் கோடு போடுவது எவ்வளவு எரிச்சல் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் தடவை “விருப்பமான குழுவில் சேருங்கள்” என்று விட்டோம். சிநேகிதர்கள் சிநேகிதர்களோடு போனார்கள். கதை நன்றாக ஓடியது, வேலைதான் ஓடவில்லை.

மூன்றாம் தடவை வழி காட்டியது அம்மா. அவர் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். “மலையை மொத்தமா காட்டி எடுன்னா யாரு எடுப்பா? நிரை பிடிச்சுக் குடுக்கணும்” என்றார். நிரை, அதாவது ஒருவர் கொழுந்தெடுக்க வேண்டிய செடி வரிசை, கையில் வந்துவிட்டால் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பது அவரவருக்குத் தெரியும். பக்கத்து நிரை யாருடையது என்பதும் தெரியும்.

அப்படிப் பார்த்ததில் நான்கு துண்டுகள் வந்தன. வரைவுக் குழு செய்மதிப் படத்தைப் பார்த்துக் கூரைகளையும் பாதைகளையும் வரையும். பெயர்க் குழு அவற்றுக்குத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் பெயர் சேர்க்கும், அதற்குப் போன் போதும். சரிபார்ப்புக் குழு இரண்டையும் பார்த்துத் திருத்தும். வரவேற்புக் குழு புதிதாக வருபவரின் முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சோதனை வையுங்கள்: யாரிடமிருந்து எதை வாங்குகிறது, யார் கையில் எதைக் கொடுக்கிறது? ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வராவிட்டால் அந்தக் குழு தேவையில்லை. ‘ஆலோசனைக் குழு’ என்று ஒன்று வைக்கலாம் என்றார் ஒரு சேர். சோதனையில் தேறவில்லை. அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

படி 3: ஆட்களைச் சேருங்கள்

ஒரு குழுவுக்கு நான்கிலிருந்து ஆறு பேர். மூன்று பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் வேலை நின்றுவிடும், எட்டுக்கு மேல் போனால் பழையபடி பார்வையாளர்கள் உருவாகிவிடுவார்கள். மீதிப் பேர் என்ன செய்வது என்றால், அதே வேலைக்கு இரண்டாவது, மூன்றாவது குழு தொடங்குங்கள். எங்களிடம் வரைவுக் குழு மட்டும் ஐந்து.

சேர்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நேரம் வர முடியும்? கையில் என்ன சாதனம்? சிக்னல் எங்கே கிடைக்கும்? மூன்றாவது கேள்வி வேடிக்கையாகத் தெரியும், ஆனால் மலையில் அதுதான் முக்கியம். எங்கள் தம்பி ஒருவனுக்குக் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தால்தான் டேட்டா வரும், மழை பெய்தால் அன்றைக்கு அவன் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகள் இரவு பத்துக்கு மேல்தான் வருவார்கள். டுபாயில் இருப்பவர்களுக்கு நம்மைவிட ஒன்றரை மணிநேரம் பின்னால், அதனால் அவர்களும் இவர்களோடு பொருந்துவார்கள். ஒரே நேரத்தில் விழித்திருப்பவர்களை ஒரே குழுவில் போடுங்கள். எல்லாரும் கூட வேண்டுமென்றால் போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) வசதி.

படி 4: இரண்டு பொறுப்பாளர்கள்

ஒருவர் போதாது. ஒருவர் மட்டும் என்றால் அவர் பரீட்சைக்குப் படிக்கப் போகும் மாதம் குழு தூங்கிவிடும். இன்னொன்று, ‘தலைவர்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். நம் பக்கம் தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்தான் நினைவுக்கு வருவார். நாங்கள் ஒருவரை அப்படி அழைத்த அன்றே “எந்தச் சங்கம்?” என்று கேள்வி வந்தது. பொறுப்பாளர் என்று மாற்றியதும் அடங்கியது.

படி 5: வாட்ஸ்அப்பில் அமைப்பது

2022இலிருந்து வாட்ஸ்அப்பில் ‘சமூகம்’ என்ற வசதி இருக்கிறது. புதிய சமூகம் ஒன்றைத் தொடங்கி, இருக்கிற பெரிய குழுவை அதற்குள் சேர்த்துவிட்டு, சின்னக் குழுக்களை ஒவ்வொன்றாக உருவாக்குங்கள். அறிவிப்புக் குழு தானாகவே வரும். அதில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும்.

ஒரு எச்சரிக்கை. அறிவிப்புக் குழுவில் சாதாரண உறுப்பினர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. சின்னக் குழுவில் தெரியும். பெண்பிள்ளைகளைச் சேர்க்குமுன் அவர்களிடம் இதைச் சொல்லி, சம்மதம் கேளுங்கள்.

வேலைக் குறிப்பைக் குழு விவரத்தில் எழுதுங்கள். செய்தியை மேலே ‘பின்’ (pin) செய்து வைத்தால் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். எங்கள் பெயர்க் குழுவின் விவரம் இது (‘கட்டம்’ என்பது வேலைக்காக வரைபடத்தில் பிரித்த ஒரு துண்டு, ‘ஷீட்’ என்பது எது முடிந்தது என்று எல்லாரும் குறிக்கும் பட்டியல்):

“வரைவுக் குழு முடித்த கட்டங்களுக்குப் பெயர் சேர்ப்போம். தோட்டத்தில் இருப்பவரிடம் கேட்ட பெயர் மட்டும். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதக் கூடாது, உரிமைப் பிரச்சினை. முடிந்ததும் ஷீட்டில் ‘பெயர் சரி’ என்று போட்டுச் சரிபார்ப்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். வணக்கப் படங்கள் பெரிய குழுவில்.”

கடைசி வரியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 6: ஞாயிற்றுக்கிழமை மூன்று வரி

சின்னக் குழுவின் பெரிய ஆபத்து, அது தனித் தீவாகிவிடுவது. அதனால் ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒரு பொறுப்பாளர் பெரிய குழுவில் மூன்று வரி போட வேண்டும். முடிந்தது, நின்றது, வேண்டியது. உதாரணத்துக்கு:

“முடிந்தது: 14 முதல் 19 வரை கட்டங்கள். நின்றது: 20, மேகம் மூடிய படம், ஒன்றும் தெரியவில்லை. வேண்டியது: மஸ்கெலியாப் பக்கம் ஆள் தெரிந்த ஒருவர்.”

நீளமான அறிக்கை கேட்டால் இரண்டு வாரத்தில் நின்றுபோகும். மூன்று வரி என்றால் பஸ்ஸில் நின்றுகொண்டே தட்டிவிடலாம். ‘நின்றது’ என்ற வரியைக் காலியாக விடுபவரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். வேலையில் ஒன்றுமே நிற்காத வாரம் கிடையாது, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம்.

படி 7: எதைத் தனியாக முடிவெடுக்கக் கூடாது

யார் எந்தக் கட்டம், எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் என்பதெல்லாம் சின்னக் குழுவின் சொந்த விஷயம். இன்னொரு குழுவின் கையில் போய்ச் சேரும் எதையும் பெரிய குழுவில் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இந்த விதி இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பெயர்க் குழு ‘மேல்பிரிவு’ என்று எழுதியது. இன்னொன்று ‘மேற்பிரிவு’. மூன்றாவது, தோட்டத்துப் பலகையில் இருக்கிறபடி ‘அப்பர் டிவிஷன்’. ஹட்டனுக்கும் இதே கதை, ஒரு குழுவுக்கு அது ஹட்டன், மற்றதுக்கு அட்டன். இவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் தேடினால் ஒன்று வருகிறது, மற்றது வருவதில்லை. சரிபார்ப்புக் குழுவில் இருந்த டீச்சர் இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தினார். ஒரு பெயர்க் குழு, “எங்களிடம் கேட்காமல் எப்படி மாற்றலாம்?” என்று கோபித்துக்கொண்டது. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது.

கடைசியில் ஒரு போயா தினத்தில் எல்லாரும் குரல் அழைப்பில் கூடி முடிவெடுத்தோம். சனம் வாயால் சொல்வது தமிழ்ப் பெயருக்கான பெட்டியில். பலகையில் உள்ளது ஆங்கிலப் பெயருக்கான பெட்டியில். மற்ற வழக்குகள் எல்லாம் மாற்றுப் பெயர் என்ற பெட்டியில். வரைபடத்திலேயே இந்த மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. எங்களுக்குத்தான் அதுவரை தெரியவில்லை.

படி 8: மூடுவது

குழு தொடங்கும் நாளிலேயே அது எப்போது முடியும் என்று எழுதிவையுங்கள். “இந்த 40 கட்டங்கள் முடியும் வரை” என்பது போல. முடிந்ததும் எல்லாருக்கும் நன்றி சொல்லி, யார் அடுத்து எந்தக் குழுவுக்குப் போகிறார்கள் என்று கேட்டு, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். உடனே அழிக்காதீர்கள். பாட்டிமார் அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருக்கும்.

எங்கள் முதல் பெயர்க் குழுவை அப்படித்தான் மூடினோம். மூடி மூன்றாம் நாள், கோயில் படிக்கட்டுத் தம்பியிடமிருந்து தனியாக ஒரு செய்தி: “அக்கா, மாட்டுக் காலைக்குப் (தொழுவத்துக்குப்) பின்னால ஒரு லயத்தை விட்டுட்டமே.” ஷீட்டில் ‘விடுபட்டவை’ என்று புதுப் பக்கம் திறந்து முதல் வரியாக அதைப் போட்டேன்.