போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நீலகிரியிலிருந்து உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் நிவாரணம் என்றதும் நம் மனத்தில் எழுவது மழையும் மண்சரிவும்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகை வட்டாரங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும், பள்ளிக்கூடங்களையும் சமுதாயக் கூடங்களையும் திறந்துவிட்டு, சோறும் போர்வையும் கொடுத்து அக்கம்பக்கத்தாரைத் தாங்கிப் பிடித்த அனுபவம் இங்குள்ள பல ஊர்ச் சங்கங்களுக்கு உண்டு. அந்த அனுபவம் பெருமைக்குரியது. ஆனால் போரால் விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு உதவக் கிளம்பும்போது நாம் செய்யும் முதல் தவறு, அதே பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போவதாகும்.

மண்சரிவில் வீட்டை விட்டு வந்தவர்கள் மழை ஓய்ந்ததும் தம் ஊரைப் போய்ப் பார்க்க முடியும். ஊர் அவர்களுடையதாகவே இருக்கும். போரில் அப்படியில்லை. யாருக்கு அஞ்சி ஓடி வந்தார்களோ அவர்கள் அங்கேயே இருப்பார்கள். நிலத்தில் வேறொருவர் குடியேறியிருக்கலாம். வயலில் கண்ணிவெடி புதைந்திருக்கலாம். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, புத்தளத்திலேயே ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தன. எனவே இரண்டு வாரத்துக்கு அரிசி பருப்பு என்று கணக்கிட்டு, அது முடிந்ததும் கடமையும் முடிந்ததாக எண்ணுவது, உதவியைத் தொடங்கும் முன்பே பாதியில் நிறுத்திவிடுவதற்குச் சமம்.

இது நீலகிரிக்குத் தெரியாத செய்தியும் அல்ல. இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் டான்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இன்றும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1977, 1983 கலவரங்கள் ஒப்பந்தத்தின் தாளில் இருந்த பயணத்தை உயிர் தப்பும் ஓட்டமாக மாற்றின. அதே 1977-இல் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்களுள் பலர் 2009-இல் வன்னிப் போரில் மீண்டும் சிக்கினார்கள். ஆகையால், இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தைக் காணும்போது, இது அவர்களுடைய முதல் ஓட்டமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இங்கே சட்டநிலை குறித்த குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகேறி வந்து முகாம்களில் தங்கியிருப்போர் அப்படியல்லர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவுமில்லை. இருவரையும் ‘சிலோன்காரர்’ என்று ஒரே கணக்கில் சேர்த்து ஒரே விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால், ஒருவருக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியது தவறிப்போகும். மற்றவருக்கோ சட்டச் சிக்கல் நேரும்.

பொருள் திரட்டுவதில் நிகழும் தவறுகள் எளிதில் கண்ணுக்குத் தெரிபவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் பழந்துணிகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையில் இருக்கும் நமக்குக் குளிர்தான் முதற்பகை என்பதால், கை தானாகவே ஸ்வெட்டரையும் கம்பளியையும் எடுத்து வைக்கிறது. வன்னியின் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டியது கொசுவலையும் பாயும் மூடியுள்ள தண்ணீர்க் குடமும்தான். கம்பளி தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. எனவே எதையும் கட்டி வைப்பதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட வேண்டும். அரிசி மூட்டை கொடுக்கும்போது சமைக்கப் பாத்திரமும் விறகோ மண்ணெண்ணெயோ இருக்கின்றனவா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். அருகில் கடைகள் இயங்குகின்றன என்றால், பொருளைவிடப் பணமே நல்லது. ஒரு தாய் தன் குடும்பத்துக்கு எது முதலில் வேண்டும் என்பதை நம்மைவிட நன்றாகவே அறிவாள்.

கைக்குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குப் பால்மாவு டப்பாக்களை அள்ளிக் கொடுப்பது பரிவால் நேரும் தவறு, ஆபத்தானதும் கூட. தூய்மையற்ற நீரில் கரைத்த பால்மாவு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். புட்டிப்பால் பழகிய குழந்தை முலைப்பாலை மறக்கும். டப்பா தீர்ந்த பிறகு இரண்டும் இருக்காது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை இலவசமாக வழங்குவதை, அநாதை இல்லங்கள் நீங்கலாக, இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. தாய்க்கு நல்ல உணவும், பாலூட்ட மறைவான ஓர் இடமும் தருவதுதான் குழந்தைக்குச் செய்யும் உதவி. தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தையின் உணவை மருத்துவப் பணியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்துகளிலும் அதே எச்சரிக்கை வேண்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளையும் மருத்துவர்களுக்கு வந்த மாதிரி மருந்துகளையும் அனுப்பக் கூடாது. நன்கொடை மருந்து போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டுக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. நம் ஊர்ப் பொருள் என்ற அன்பில் ஒவ்வொரு பையிலும் ஒரு நீலகிரித் தைலக் குப்பியைப் போட்டு அனுப்புவதையும் கைவிட வேண்டும். சிறு குழந்தை அதைக் குடித்துவிட்டால் வலிப்பு வரை போகக்கூடும். முகாமின் நெருக்கடியில் எட்டாத உயரத்தில் வைக்க அலமாரி ஏது?

கடல் கடந்து அனுப்புவோர் இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்க்க வேண்டும். அங்கே பொருளைப் பெற்றுக்கொள்பவர் யார், சுங்க அனுமதி யாருடையது, துறைமுகக் கட்டணத்தை யார் செலுத்துவார் என்பவற்றுக்கு எழுத்தில் விடை வேண்டும். ஐரோப்பாவில் தமிழர்கள் திரட்டிய பொருள்களுடன் வந்த வணங்காமண் கப்பல் 2009 ஜூனில் இலங்கைக் கடற்படையால் திருப்பி அனுப்பப்பட்டது. பொருள்கள் சென்னையில் இறக்கப்பட்டு, வேறு கப்பலில் கொழும்பு சென்ற பின்பும், கட்டணச் சிக்கலால் மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே முடங்கின. அதே மாதங்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மெனிக் பாம் முதலான அடைபட்ட முகாம்களில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

முகாம் அமைக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்தால், கண்மதிப்பில் எதையும் செய்யாமல், நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும், 1997-இல் தொடங்கிய ஸ்பியர் நெறிமுறைகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. குறைந்த அளவாக ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அவை சொல்கின்றன. குளிர்ப் பகுதிகளில் சமையலும் குளியலும் கூரைக்குள்ளேயே நடக்கும் என்பதால் இடம் 4.5 முதல் 5.5 சதுர மீட்டர் வரை வேண்டும். உதகையின் உறைபனிக் காலத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண்களின் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாளும் போகும் வழியில் விளக்கும் இல்லாவிட்டால், அவர்கள் இருட்டிய பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

இதுவரை சொன்ன தவறுகளைப் பணத்தாலும் உழைப்பாலும் சரிசெய்துவிடலாம். இனிச் சொல்பவை அப்படிப்பட்டவையல்ல.

உதவி பெறுவோரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து ஊர்க் குழுக்களில் பகிர்வதை நாம் கணக்குக் காட்டுவதாகக் கருதுகிறோம். வெள்ளப் பாதிப்பில் அது மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றுவிடலாம். போரில், ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியையோ தந்தையையோ அது காட்டிக்கொடுக்கக்கூடும். பெயர், பிறந்த ஊர், தப்பி வந்த வழி ஆகியவை அடங்கிய பட்டியலும் அதே அளவு ஆபத்தானது. நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டுமென்றால் வாங்கிய ரசீதும் குடும்ப எண்ணிக்கையும் போதும். ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று வற்புறுத்துவதும் கூடாது. அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பேசாவிட்டால் அருகில் இருந்தாலே போதும்.

குடும்பத் தலைவர் ஆண்தான் என்ற முடிவோடு அட்டை எழுதுவதும், தனியாக வந்த பெண்ணிடம் கணவரின் இறப்புச் சான்றிதழைக் கேட்பதும் அடுத்த கொடுமை. அவர் இறந்தாரா, சிறையிலா, காணாமல் ஆக்கப்பட்டாரா என்பதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் 2017 முதல் சாலையோரப் பந்தல்களில் அமர்ந்து தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மார்களை எண்ணிப் பாருங்கள். இலங்கையில் இறப்புச் சான்றுக்குப் பதிலாகக் காணாமற் போனமைக்கான சான்றிதழ் வழங்கச் சட்டம் வந்ததே 2016-இல்தான். ஆதலால் ‘விதவை’ என்று நம் பதிவேட்டில் நாமாக எழுதிவிடக் கூடாது. அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, உதவியை அவள் பெயரிலேயே கொடுக்க வேண்டும்.

தனியாக வந்த குழந்தைகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். உதகையிலும் கோத்தகிரியிலும், பழனி மலையில் கொடைக்கானலிலும், விடுதியுடன் கூடிய பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அதனால் போர்ச் செய்தி வரும்போதெல்லாம், அநாதைக் குழந்தைகளுக்கு இலவச இடம் தருகிறோம் என்று நல்ல மனத்தோடு முன்வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டத்தில் கைநழுவிய குழந்தை அநாதை ஆகிவிடாது. தாயோ பாட்டியோ வேறொரு முகாமில் அதே குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். தேடல் முடிவதற்குள் குழந்தையை மலையேற்றி விடுதியில் சேர்ப்பதும் தத்துக் கொடுப்பதும், போர் தொடங்கிய பிரிவை நாமே நிரந்தரமாக்குவதாகும். இந்தியாவில் தனித்து நிற்கும் எந்தக் குழந்தையையும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். உறவினரைத் தேடும் பணியைச் செஞ்சிலுவை இயக்கம் நெடுங்காலமாகச் செய்து வருகிறது. பெற்றோர் இருந்து, வறுமையால் படிக்க வைக்க முடியவில்லை என்றால், கல்விச் செலவைக் குடும்பத்திடமே கொடுத்து அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கலாம்.

முடிவெடுக்கும் குழுவில் இடம்பெயர்ந்தோருக்கு இடம் தராதது மேற்சொன்ன பல தவறுகளுக்கு வேராக இருக்கிறது. 1984-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஏதிலிகளாலேயே நடத்தப்பட்டது. பிறப்புப் பதிவு, பிள்ளைகளின் படிப்பு போன்றவற்றை அது கையில் எடுத்ததற்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். வெளியிலிருந்து வருபவர் கண்ணுக்கு ஒழுகும் கூரைதான் முதலில் தெரியும். முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பின்னாளில் என்னவாகும் என்பது, அந்த நிலையில் வாழ்பவருக்கே உறைக்கும்.

பக்கத்து ஊராரையும் விட்டுவிடக் கூடாது. தோட்டக் குடியிருப்பில் ஒற்றைக் குழாயை நம்பி நூறு வீடுகள் இருக்க, புதிதாக வந்தோருக்கு மட்டும் தண்ணீர் லாரி வந்தால் மனக்கசப்பு வரத்தான் செய்யும். குழாயை இருவருக்குமாகப் பெரிதாக்க வேண்டும்.

திரட்டிய தொகை முழுவதையும் முதல் மாதத்திலேயே செலவிட்டுவிடுவது பெருமையாகத் தோன்றலாம். சான்றிதழுக்காக அலுவலகத்துக்குப் போய்வரும் பேருந்துச் செலவும், பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தேர்வுக் கட்டணமும், தையல் எந்திரத்தின் முன்பணமும் இரண்டாம் ஆண்டில்தான் வரும். அதற்குள் செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போயிருக்கும், நன்கொடையும் நின்றிருக்கும். மூன்றில் ஒரு பங்கையாவது அந்த இரண்டாம் ஆண்டுக்கென்று முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி, அதைத் தொட வேண்டுமானால் இடம்பெயர்ந்தோரின் சம்மதமும் வேண்டும் என்று அதே தீர்மானத்தில் சேர்த்துவிட வேண்டும்.