ஜேபிஜியா, பிஎன்ஜியா? படத்தின் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து மாற்றும் முறை

விண்ணப்பத்துக்கான போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். போனில் இருப்பதோ 4 எம்பி. கடை லோகோவை அனுப்பினால், ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் "பின்னணி இல்லாம அனுப்புங்க" என்கிறார். படம் எங்கே போகப்போகிறது என்பதை முதலில் கேட்டுக்கொண்டால் இந்த இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்.

படி 1: எந்தப் படத்துக்கு எது?

கேமராவில் எடுத்த போட்டோ என்றால் ஜேபிஜி. 4000க்கு 3000 பிக்சல் உள்ள படத்தை அப்படியே சேமித்தால் சுமார் 36 எம்பி ஆகும். ஜேபிஜியில் அது சில எம்பியில் அடங்கிவிடுகிறது. 1992இல் வந்த இந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் உறைக்காத நுணுக்கங்களை ஒவ்வொரு கட்டத்திலும் கழித்துவிடுகிறது. முகத்திலும் வானத்திலும் அது தெரியாது.

எழுத்தில் தெரியும். ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தரம் குறைத்து ஜேபிஜியில் சேமித்து, பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகளின் ஓரமெல்லாம் கொசு மொய்த்ததுபோல் பொடிப்பொடியாக அழுக்கு இருக்கும். எழுத்து சின்னதாக இருந்தால் 'க்' மேலிருக்கும் புள்ளி எது, அழுக்கு எது என்றே புரியாது. புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் மொழி நம்முடையது. அதனால் தமிழ் எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட், அழைப்பிதழ், அட்டவணை எல்லாவற்றுக்கும் பிஎன்ஜிதான் என் முடிவு. அது எதையும் கழிப்பதில்லை. பின்னணி இல்லாத படத்தையும் அப்படியே வைத்திருக்கும். ஆனால் போட்டோவை பிஎன்ஜியாக்கினால் ஃபைல் பல மடங்கு பெருத்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. சொந்த இணையதளத்துக்கு, கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி (WebP) ஃபார்மட் நல்லது. பெரும்பாலும் ஜேபிஜியைவிடச் சிறிதாக இருக்கும். ஆனால் விண்ணப்பத் தளங்கள் பலவும் அதை ஏற்பதில்லை. ஜிஃபில் 256 நிறங்கள்தான், அசையும் படத்துக்கு மட்டும் போதும். லோகோவை வரைந்தவரிடம் எஸ்விஜி ஃபைலும் கேட்டு வாங்கி வையுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறாது.

ஐபோனில் 2017 முதல் போட்டோக்கள் ஹெச்இஐசி என்ற ஃபார்மட்டில் பதிவாகின்றன. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபிஜியாக இருக்கும். ஏற்கெனவே எடுத்ததை ஃபைல்ஸ் செயலியில் சேமித்து, அழுத்திப் பிடித்து, குவிக் ஆக்‌ஷன்ஸில் 'கன்வெர்ட் இமேஜ்' கொடுங்கள்.

படி 2: மூலப் படத்தைத் தொடாதீர்கள்

ஒரு நகல் எடுத்து அதில்தான் வேலை. ஜேபிஜியைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கழியும். கழிந்ததை பிஎன்ஜியாக மாற்றி மீட்க முடியாது, ஃபைல்தான் பெரிதாகும். ஃபைல் பெயரின் கடைசியில் பிஎன்ஜி என்பதை அழித்து ஜேபிஜி என்று எழுதினாலும் உள்ளே எதுவும் மாறாது. சில தளங்கள் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

படி 3: மாற்றுவது

விண்டோஸ் கணினியில் அவசரத்துக்குப் பெயின்ட் செயலி போதும்: படத்தைத் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்து ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அளவும் தரமும் கையில் இருக்க வேண்டுமென்றால் கூகுள் குரோம் குழுவினரின் ஸ்க்வூஷ் தளத்தைச் சொல்வேன். இலவசம், போனிலும் வேலை செய்யும். முக்கியமாக, படம் உங்கள் கருவியை விட்டு எங்கும் போவதில்லை, பிரவுசருக்குள்ளேயே மாறுகிறது. ஆதார் அட்டையையும் கையெழுத்தையும் முகம் தெரியாத ஏதோவொரு தளத்தில் ஏற்றி மாற்றுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த விண்ணப்பப் போட்டோ. 20 முதல் 50 கேபி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்வூஷில் வெட்டும் வசதி இல்லை, எனவே முதலில் போன் கேலரியிலேயே பாஸ்போர்ட் அளவு விகிதத்தில், அதாவது 3.5க்கு 4.5 என்று வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்க்வூஷில் திறந்து 'ரீசைஸ்' போட்டு அகலம் 350, உயரம் 450 கொடுங்கள். கீழே ஃபார்மட் பட்டியலில் 'மோஸ்ஜேபெக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிடைப்பது சாதாரண ஜேபிஜிதான். 'குவாலிட்டி' பட்டையை நகர்த்த நகர்த்த கேபி அளவு மாறுவது திரையிலேயே தெரியும். 50ஐத் தாண்டினால் குறையுங்கள், 20க்குக் கீழே போனால் கூட்டுங்கள். நடுவில் உள்ள கோட்டை இழுத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். கண், புருவம், முடியின் ஓரம் தெளிவாக இருந்தால் சரி, டவுன்லோடு செய்யலாம்.

பலர் பிக்சலைக் குறைக்காமல் தரத்தை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். முகம் கட்டம் கட்டமாகிவிடும். முதலில் பிக்சல், பிறகு தரம் என்ற வரிசையில் போங்கள்.

மாற்றிய படத்தை நெட் சென்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், போட்டோவாக அல்ல, 'டாகுமென்ட்' என்று அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கிவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கேபி கணக்கும் மாறிவிடும்.