கரியமில வாயு கடலடிக்குப் போகும் வழியைத் தொட்டியில் பார்ப்பது எப்படி

முதலில் இரண்டு சோடா பாட்டில்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள், மற்றது வெளியில் இருக்கட்டும். திறந்து ஊற்றினால் வெளியில் இருந்தது பொங்கிச் சீக்கிரமே சப்பென்று ஆகிவிடும். குளிர்ந்த நீர்தான் கரியமில வாயுவை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

சரி, இப்போது தொட்டி. நீலச் சாயம் கலந்த தண்ணீரை முந்தின நாளே ஐஸ்கட்டியாக்கி வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் சாதாரணத் தண்ணீர் நிரப்பி, அலை அடங்கும் வரை பொறுங்கள். (எனக்கு அந்தப் பொறுமை கிடையாது; அதனால் இரண்டு முறை கெட்டது.) ஐஸ்கட்டியை ஓர் ஓரத்தில் மெல்ல விடுங்கள். நீல நூல் ஒன்று நெளிந்து இறங்கும். அடியைத் தொட்டதும் படுத்துக்கொண்டு எதிர்ச்சுவரை நோக்கி நகரும்.

கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களிலும் அண்டார்க்டிகாவின் வெடல் கடலிலும் குளிர்ந்த நீர் இப்படித்தான் மூழ்குகிறது. அங்கே உப்பும் எடை கூட்டும்; கடல்நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும். கரைந்த வாயுவோடு இறங்கிய நீர் மறுபடி மேலே வர நூற்றுக்கணக்கான வருடங்கள், சில வழிகளில் சுமார் 1000 வருடங்கள் ஆகும். மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

கடல் என்றால் உப்பு வேண்டாமா என்று ஒருமுறை தொட்டியில் ஐந்தாறு கரண்டி உப்பைக் கரைத்தேன். நீலம் இறங்கவே இல்லை, மேலேயே தொப்பி மாதிரி மிதந்தது. உருகிய நன்னீர் உப்புநீரைவிட லேசானது. கிரீன்லாந்துப் பனி உருகிக் கலந்தால் மூழ்கும் வேகம் தளருமே என்று ஆய்வாளர்கள் கவலைப்படுவது இதைத்தான். இதையும் செய்து பாருங்கள். பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டினால் தெளிவாகத் தெரியும்.