எல்இடி ஸ்பாட்லைட் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஸ்பாட்லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். குண்டு பல்பு காலத்துப் பழக்கம் அது. விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதை மட்டுமே வாட் சொல்லும். வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். பழைய 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் தந்த வெளிச்சத்தை இன்று 5 வாட் எல்இடி ஒன்று தந்துவிடுகிறது. 7 வாட் என்று போட்ட இரண்டு விளக்குகளில் ஒன்று 450 லூமனும் மற்றொன்று 650 லூமனும் தரலாம். அதனால் பெட்டியில் லூமன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாத விளக்கை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

இந்தத் தவறைத் திருத்திக்கொள்வது சுலபம். பெரிய தவறு வேறு. வெளிச்சம் எதன்மேல் விழவேண்டும் என்று யோசிக்காமலே, சீலிங்கில் நான்குக்கு மூன்று என்று வரிசையாக ஓட்டை போட்டுவிடுகிறோம். மேலே அண்ணாந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெளிச்சமெல்லாம் தரையில் விழுந்து, சுவரின் மேற்பகுதியும் கூரையும் இருண்டு கிடக்கும். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நான்கு விளக்கு சேர்ப்போம், அப்போதும் அறை மந்தமாகவே தெரியும். நம் கண் பெரும்பாலும் பார்ப்பது சுவர்களைத்தான், தரையை அல்ல. சுவரில் வெளிச்சம் பட்டால் குறைந்த விளக்கிலேயே அறை பளிச்சென்று இருக்கும். அறை முழுவதற்குமான பொது வெளிச்சத்துக்கு வேறு விளக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்பாட்லைட் ஒரு படத்துக்கு, புத்தக அலமாரிக்கு, சமையல் மேடைக்கு என்று குறிவைத்துப் போடவேண்டிய விளக்கு.

அப்படிக் குறிவைக்கும்போது கவனிக்கவேண்டியது ஒளிக்கோணம். பெட்டியில் 24 டிகிரி, 36 டிகிரி, 60 டிகிரி என்று போட்டிருக்கும். பலரும் அதைப் படிப்பதே இல்லை. விளக்கிலிருந்து 2 மீட்டர் கீழே ஒரு மேசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 டிகிரி விளக்கு அதன்மேல் சுமார் 85 சென்டிமீட்டர் அகல வட்டமாக விழும். 36 டிகிரி என்றால் 1.3 மீட்டர். 60 டிகிரி என்றால் 2.3 மீட்டர். லூமன் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வட்டம் சிறுத்தால் வெளிச்சம் கூர்மையாகும், பெருத்தால் நீர்த்துப்போகும். ஒரு சிலைக்கோ படத்துக்கோ 24 டிகிரி பொருத்தம். மேசைக்கும் மேடைக்கும் 36 நன்றாக இருக்கும். குறுகிய கோண விளக்குகளை வைத்து ஒரு பெரிய அறையை நிரப்பப் பார்த்தால் தரையெல்லாம் திட்டுத்திட்டாகத்தான் தெரியும்.

இடம் குறிக்கும்போதும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சமையல் மேடைக்கான விளக்கு நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தால், காய் நறுக்கும் பலகைமேல் உங்கள் தலையின் நிழலே விழும். கத்தி எங்கே இறங்குகிறது என்று பார்க்க ஒதுங்கி ஒதுங்கி நிற்கவேண்டி வரும். மேடையின் விளிம்புக்கு நேர்மேலே விளக்கு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சுவரில் மாட்டிய படத்துக்கு, செங்குத்திலிருந்து 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்து ஒளி விழுந்தால் நல்லது. 2.7 மீட்டர் உயரக் கூரையில் அது சுவரிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி வரும். படத்தின் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்துக் கண்ணை அடிப்பது இதனால் பெரும்பாலும் தவிரும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நேர்மேலே ஸ்பாட் வேண்டவே வேண்டாம். படுத்தால் நேராகக் கண்ணில் குத்தும். வேறு வழியில்லை என்றால், எல்இடி உள்ளே ஆழமாகப் பதிந்திருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஒளியின் நிறம். பெட்டியில் அதைக் கெல்வின் என்ற அலகில் போட்டிருப்பார்கள். 2700, 3000 கெல்வின் மஞ்சள் சாயல் கொண்ட வார்ம் ஒயிட். 4000 நடுத்தரம். 6500 நீலச் சாயலோடு வெளுத்து இருக்கும். வெளுப்பாக இருந்தால்தான் வெளிச்சம் அதிகம் என்று நம்பி வீடு முழுக்க 6500 போடுகிறவர்கள் உண்டு. படுக்கையறையிலும் வரவேற்பறையிலும் 2700 அல்லது 3000 போட்டுப் பாருங்கள், மாலை நேரத்தில் அறையே இதமாகிவிடும். ஒரே அறையில் இரண்டு மூன்று நிறங்களைக் கலக்காமல் இருப்பதும் முக்கியம்.

இதைவிடக் கவனிக்கப்படாத எண் ஒன்று உண்டு: சிஆர்ஐ. பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, 100 தான் உச்சம். வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல ஒளி தரும் சிப்பின்மேல், அந்த ஒளியின் ஒரு பகுதியை வேறு நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூச்சு பூசிச் செய்யப்படுகிறது. மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்பு குறைந்துபோகும். தக்காளி பழுப்பாகத் தெரிவதும், முகம் களையிழந்து தெரிவதும், சிவப்புத் துணி மங்குவதும் இதனால்தான். 80 சிஆர்ஐ சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சராசரி 8 வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆழ்ந்த சிவப்புக்கு ஆர்9 என்ற தனி எண் உண்டு, அது சராசரியில் சேராது. சமையலறை, சாப்பாட்டு மேசை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றுக்கு 90க்கு மேல் வாங்குங்கள். ஆர்9 50க்கு மேல் என்றும் போட்டிருந்தால் இன்னும் நல்லது. கூடுதல் காசு கொடுக்க நான் தயங்காத விஷயம் இது ஒன்றுதான்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மரை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் மாற்றினால் மினுமினுப்பும் ரீங்காரமும் வர வாய்ப்பு அதிகம். குண்டு பல்பின் பெரிய சுமைக்காகச் செய்த டிம்மர் அது. 5 வாட் எல்இடி அதற்குப் போதாது. எல்இடிக்கென்றே வரும் டிம்மரும், டிம் செய்யலாம் என்று குறிப்பிட்ட விளக்கும் சேர்ந்தே வரவேண்டும். 12 வோல்ட்டில் எரியும் எம்ஆர்16 என்ற சிறிய ஸ்பாட் வகைக்கும் இதே கதைதான். பழைய ஹாலஜன் டிரான்ஸ்பார்மரை மாற்றி, எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் போடச் சொல்லுங்கள்.

எல்இடி சூடாகாது என்பதும் தப்பு. ஒளியோடு வெப்பம் முன்பக்கம் வராதே தவிர, பின்பக்கம் சூடாகும். காற்றுப் போக இடமில்லாமல் அடைத்து வைத்தால் டிரைவர் சீக்கிரம் போய்விடும். குளியலறையில் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு தூசியும் தண்ணீரும் புகாத தரத்தைக் காட்டும் ஐபி65 என்று குறித்த விளக்கே சரி.

ஓட்டை போடுவதற்கு முன் ஒரே ஒரு விளக்கு வாங்கி, எலக்ட்ரீஷியனை விட்டு நீளமான வயரில் இணைக்கச் சொல்லி, இருட்டிய பிறகு அந்த இடத்திலேயே உயரத்தில் பிடித்துப் பாருங்கள். போனின் ஸ்லோமோஷன் கேமராவில் அதைப் படம் எடுத்தால் மினுமினுப்பும் தெரிந்துவிடும். எல்லாம் சரியென்றால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தேவைக்கு மேல் இரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள். பின்னாளில் ஒன்று போனால், அதே நிறத்தில் வேறு கிடைப்பது கஷ்டம்.