வேலையை விட்டுச் சினிமாவுக்கு வரும் தம்பிகள் செய்யும் தவறுகள்

போன வாரம் சென்னை சாலிகிராமத்து டீக்கடையில் ஒரு தம்பி செல்போனை என் முன்னால் நீட்டினான். ராஜினாமா கடிதம். "நாளைக்கு அனுப்பப் போறேண்ணே. வண்டியைக்கூட வித்துட்டேன்" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இந்தத் தெருவுக்குள் வந்தேன். உதவி இயக்குநராகத் தொடங்கி, இப்போது இணை இயக்குநராக இருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து பேராவது நான் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். குடிக்காதே, சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்பவனுக்குப் பணம் கொடுக்காதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை.

வண்டியை விற்பது

ஏசி அறை, தவணையில் வாங்கிய பெரிய போன், வாரக் கடைசி ஓட்டல் செலவு, இதெல்லாம் சொகுசு. போகட்டும். உதவி இயக்குநருக்கு வண்டி அந்தக் கணக்கில் வராது. பூந்தமல்லி தாண்டி விடியற்காலை ஷூட்டிங் இருக்கும். எடிட்டிங் முடிந்து வெளியே வரும்போது நடுராத்திரி ஆகியிருக்கும், பஸ் இருக்காது. லேப்டாப்பும் அப்படித்தான்.

ஐந்து வருடம் முடியும் முன்னால் விடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து நாலு வருடம் மூன்று மாதத்தில் வேலையை விட்டேன். ஒரு சினிமா ஆபீஸில் "வா தம்பி, பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் விட்டேன். அந்தப் படம் தொடங்கவே ஒரு வருடம் ஆனது.

சட்டப்படி, ஒரே கம்பெனியில் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்த நிரந்தர ஊழியர் தானாக வேலையை விட்டாலும் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. நான் விட்டபோது இருந்த கணக்கு சுலபம். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். என் அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய். அப்படியென்றால் வருடத்துக்கு 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. நாலு பேர் தங்கிய அறையில் என் பங்கு வாடகை, மெஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து அப்போது மாதம் 9,000 ஆனது. எட்டு மாதம் யாரிடமும் கை நீட்டாமல் உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

அந்த எட்டு மாதத்தை நான் கல்யாண வீடியோ எடிட்டிங்கில் கழித்தேன். முகூர்த்த மாதங்களில் மேஜை மேல் ஹார்டு டிஸ்க் அடுக்கியிருக்கும். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, பந்தி என்று விடிய விடிய வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்திலேயே என் கதை நோட்டு, 31ஆம் பக்கத்தில் பேனா சொருகியபடி கிடக்கும். 32ஆம் பக்கம் எழுத ஆறு மாதம் ஆனது.

அதோடு நிற்கவில்லை. "இனி எனக்கெதற்கு பி.எஃப்." என்று அந்த வருங்கால வைப்பு நிதி மொத்தத்தையும் எடுத்தேன். ஐந்து வருடத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் அந்தப் பணம் வரிக்குள் வரும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக 10 சதவீதம் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். பிடித்தார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் அதுபாட்டுக்கு வட்டி ஏறியிருக்கும்; 2024-25க்குக்கூட 8.25 சதவீதம். கம்பெனி மாறியவர்கள் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்திருந்தால் பி.எஃப். வரிக்கு இரண்டு இடத்து வருடங்களும் கூட்டப்படும். கிராஜுவிட்டிக்கு அப்படிக் கூட்ட மாட்டார்கள்.

சம்பளத்தை உதறிவிட்டு வருவதற்குத் துணிச்சல் வேண்டும், அதை நான் மதிக்கிறேன். உழைத்துச் சேர்ந்த பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பட்டினியைத் தகுதியாக நினைப்பது

"சாப்பிடாமக் கிடந்துதான் ஜெயிச்சாங்க" என்று ஒருவர் பேட்டியில் சொன்னால், அது ஜெயித்தவர் சொல்வது. பட்டினி கிடந்து ஊருக்கே திரும்பிப் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. என் அறையில் ஒருவன் மதியச் சாப்பாட்டை நிறுத்தினான். மூன்றாவது மாதம் ஷூட்டிங்கில் தலை சுற்றி, நடிகர் முந்தைய ஷாட்டில் கடிகாரத்தை எந்தக் கையில் கட்டியிருந்தார் என்பதைக் கோட்டை விட்டான். ஷாட்டுக்கு ஷாட் எது எப்படி இருந்தது என்று குறித்துவைக்கும் கண்டினியூட்டி நோட்டு அவனிடம்தான் இருந்தது. அடுத்த ஷெட்யூலுக்கு அவனைக் கூப்பிடவில்லை. இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிடுங்கள்.

அம்மா நகையை அடகு வைப்பது

கூடாது.

காப்பீட்டைக் கவனிக்காமல் விடுவது

வேலை முடிகிற நாளோடு ஆபீஸ் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். புதிதாக எடுத்தால் ஏற்கனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டிவரும். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இதன் அருமை புரியும்.

கதையைப் பதிவு செய்யாமல் சொல்வது

முதலில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு. அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் வேலையில் சேர்ந்த தேதியைக் கேட்டேன். ஐந்து வருடம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கதை டிஸ்கஷனுக்கு வரச் சொன்னேன். போன ஞாயிறு வந்தான், பஸ்ஸில், முக்கால் மணி நேரம் தாமதமாக.